குளியலறைத் தரையும் ஆச்சியின் சாக்கும்

வீடு கட்டுவோரும் பழைய வீட்டைப் புதுப்பிப்போரும் முன்னறையைப் பற்றிப் பலநாள் கூடிப் பேசுவர். சமையல் மேடை எந்தப் பக்கம் அமைய வேண்டும், திருஇருதய ஆண்டவர் படத்தை எந்தச் சுவரில் நிறுவ வேண்டும் என்பவற்றைப் பெரியோரிடம் கேட்டு முடிவு செய்வர். குளியலறை என்று வரும்போது மட்டும், "அதற்கென்ன, ஏதாவது ஒரு டைல்ஸ் போட்டால் போதும்" என்று பேச்சு முடிந்துவிடும். நாங்களும் அவ்வாறே பேச்சை முடித்தவர்கள்தாம். அதனால் விளைந்ததையும், பின்னர் நாங்கள் கற்றுக்கொண்டதையும் பங்குக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது கடமை என்று கருதி இதை எழுதத் துணிந்தோம்.

எங்கள் வீட்டில் ஏழு பேர். பேரப்பிள்ளைகள் 'ஆச்சி' என்று அழைக்கும் எங்கள் அன்னையார், நாங்கள் இருவர், எங்கள் பிள்ளைகள் மூவர், படிப்பின் பொருட்டு எங்களோடு தங்கியிருந்த அக்காள் மகன். ஏழு பேருக்கும் குளியலறை ஒன்றே. காலை ஐந்து மணிக்கு ஆச்சியில் தொடங்கும் வரிசை, எட்டு மணிக்குள் பள்ளி செல்வோர், கல்லூரி செல்வோர், அலுவலகம் செல்வோர் என்று முடிந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் திருப்பலிக்குச் செல்லும் நாளிலோ அந்த நெருக்கடி இருட்டிலேயே தொடங்கிவிடும். காலையில் நனையும் அந்தத் தரை நண்பகல் வரை காய்வதே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை வாளித் தண்ணீர், எத்தனை சவர்க்கார நுரை, சனிக்கிழமைதோறும் எத்தனை கை நல்லெண்ணெய் அந்தத் தரையின்மேல் விழுகின்றன என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

எங்கள் தந்தையார் 1978-ஆம் ஆண்டில் வீடு கட்டியபோது குளியலறைக்குக் கடப்பைக் கல் பாவினார். மெருகிட்ட முகத்தைக் கீழே கவிழ்த்து, சொரசொரப்பான முகத்தை மேலே வைக்கச் சொன்னாராம். அக்காலத்தில் அதைக் கண்டு சிரித்தவர்களும் உண்டாம். அத்தரை பார்வைக்குக் கறுத்திருக்கும். இணைப்புகளில் அழுக்கு ஏறியிருக்கும். ஆயினும் முப்பத்து மூன்று ஆண்டுகளில் அதில் எவரும் சறுக்கி விழுந்ததாக எங்களுக்கு நினைவில்லை.

நாங்கள் செய்த தேர்வு

2011-ஆம் ஆண்டு எங்கள் மூத்த மகள் புதுநன்மை வாங்கினாள். உறவினர் பலரும் வந்து தங்குவார்கள் என்பதால் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். முன்னறைக்குப் புதுத் தரை போட்டோம். அப்போது குளியலறையின் கறுத்த தரை எங்களுக்கு வெட்கமாகப் பட்டது. நகரத்துக் கடை ஒன்றுக்குச் சென்றோம். விளக்கொளியில் அடுக்கி வைத்திருந்த இரண்டடிக்கு இரண்டடி மெருகிட்ட விட்ரிஃபைட் டைல்களைக் கடைப் பையன் எடுத்துக் காட்டினான். "இதில் முகம் பார்த்துத் தலை சீவலாம்" என்றான். தந்த நிறத்துக்கும் வெண்ணெய் நிறத்துக்கும் இடையே மூன்று நாள் தடுமாறி, இறுதியில் வெண்ணெய் நிறத்தைத் தேர்ந்தோம். முன்னறைக்கு வாங்கிய அதே டைல் குளியலறைக்கும் ஆயிற்று. வந்தவர் எல்லாரும் பாராட்டினர்.

அந்த டைல் உழைக்கவில்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. எட்டு ஆண்டுகளில் அதில் ஒரு கீறல் விழவில்லை, நிறம் மங்கவில்லை. கடலை அடுத்த எங்கள் ஊரின் ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள உப்பு அதன்மேல் வெள்ளைத் திட்டாகப் படியும். மாதந்தோறும் ஆசிட் ஊற்றித் தேய்த்தால் மீண்டும் பளபளக்கும். நீடித்து உழைக்கும் பொருளைத் தேர்ந்துகொண்டோம் என்றே மகிழ்ந்திருந்தோம்.

ஆச்சி மட்டும் எதுவும் சொல்லவில்லை. தரை போட்ட சில நாள்களில் அரிசிச் சாக்கு ஒன்றைப் பிரித்துத் தண்ணீர்த் தொட்டிக்கும் கதவுக்கும் இடையே விரித்துக்கொண்டார்கள். அழகான தரையின்மேல் ஈரச் சாக்கு கிடப்பது எங்களுக்குப் பிடிக்கவில்லை. விருந்தினர் வரும் நாள்களில் அதை எடுத்துக் கொல்லைப்புறக் கொடியில் போட்டுவிடுவோம். விருந்தினர் சென்றபின் அது மீண்டும் தரைக்கு வந்துவிடும். "ஆச்சிக்குப் பழைய காலத்துப் பழக்கம் இன்னும் விடவில்லை" என்று பிள்ளைகளோடு சேர்ந்து நாங்களும் சிரித்திருக்கிறோம். எதற்காக அந்தச் சாக்கு என்று எட்டு ஆண்டுகளில் ஒரு நாளாவது நாங்கள் கேட்டதில்லை.

தவக்காலத்து ஞாயிறு

2019-ஆம் ஆண்டு தவக்காலம். மார்ச் மாதத்துச் சனிக்கிழமை மாலையில் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. அதன் பொருட்டுச் சாக்கை எடுத்து வெளியே போட்டோம். திரும்ப விரிக்க மறந்தோம். மறுநாள் விடியுமுன் முதல் திருப்பலிக்கு ஆயத்தமாகக் குளிக்கச் சென்ற ஆச்சி, வாளியை எடுக்கத் திரும்பிய இடத்தில் வழுக்கி விழுந்தார்கள். தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்துவிட்டது. அப்போது அவர்களுக்கு வயது எழுபத்தொன்று.

வலியால் துடித்த அந்த நிலையிலும் ஆச்சி சொன்னது இதுதான்: "பிள்ளைகள ஒண்ணும் சொல்லாதய்யா. அவசரப்பட்டது நாந்தான்."

மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது கொல்லையில் அந்தச் சாக்கு கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்ட மாத்திரத்தில் எட்டு ஆண்டுகளாக எங்களுக்கு விளங்காதது விளங்கிற்று. அந்தத் தரை போட்ட நாள் முதல் ஆச்சி ஒவ்வொரு விடியலிலும் பயந்துகொண்டே குளித்திருக்கிறார்கள். 'பிள்ளைகள் ஆசைப்பட்டுப் போட்ட தரை, குறை சொன்னால் மனம் வருந்துவார்கள்' என்று வாய் திறவாமல், தம்மால் ஆன பாதுகாப்பைத் தாமே செய்துகொண்டிருக்கிறார்கள். அதையும் நாங்கள் எடுத்துக் கொடியில் போட்டுவிட்டோம்.

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. ஏப்ரல் 18-ஆம் நாள் பெரிய வியாழன். கோவிலில் பாதம் கழுவும் சடங்கு நடந்துகொண்டிருந்த அந்த மாலையில் ஆச்சி வீட்டில் படுக்கையில் இருந்தார்கள். வெந்நீரில் துணியை நனைத்து அவர்களுடைய கால்களைத் துடைத்துவிட்டோம். குதிகால் வெடிப்புகள், ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்ட விரல்கள், நரம்பு புடைத்த புறங்கால். எங்களைத் தூக்கி நடந்த அந்தக் கால்களை அவ்வளவு அருகிலிருந்து நாங்கள் பார்த்தது அன்றுதான். நிறத்தைத் தேர மூன்று நாள் செலவிட்ட நாங்கள், அந்தத் தரையை மிதிக்கப்போகும் கால்களை மூன்று நொடிகூட நினைத்துப் பார்க்கவில்லை என்ற எண்ணம் நெஞ்சைச் சுட்டது.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட குறிப்பின்படி, தவறி விழுவதால் உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் உயிரிழக்கின்றனர். எதிர்பாரா விபத்து மரணங்களுள் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கே. அவ்வாறு இறப்பவர்களில் அறுபது வயதைக் கடந்தோரே மிகுதி. முதியோருக்கு எலும்பு மெலிந்திருக்கும். ஒருமுறை முறிந்து படுக்கையில் விழுந்தால் படுக்கைப் புண்ணும் நுரையீரல் நோயும் தொடர்ந்து வரக்கூடும். ஆகவே, குளியலறைத் தரையைத் தேர்வது உயிர்காக்கும் செயல்களுள் ஒன்றாகும்.

எந்தத் தரை நல்ல தரை?

அவ்வாண்டு சூன் மாதம் தரையை மாற்ற முடிவு செய்தோம். இம்முறை மூன்று கேள்விகளோடு தொடங்கினோம். இத்தரையை மிதிக்கும் கால்களுள் மிகவும் தளர்ந்த கால் எது? எந்தத் தண்ணீரும் எந்தச் சவர்க்காரமும் இதன்மேல் விழும்? தரைக்கு அடியில் என்ன இருக்கிறது? இக்கேள்விகளுக்கு விடை தேடியபோது அறிந்தவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

சொரசொரப்பாக முடித்த சிமெண்டுத் தரை செலவு குறைந்தது, காலைப் பிடிக்கும். ஆனால் சவர்க்கார நீரும் ஆசிடும் அதன் மேற்பரப்பை அரிக்கும். வெடிப்பு விட்டால் பாசி ஏறும். அதையே காவிப்பொடி கலந்து மழமழவென்று தேய்த்தால் ஈரத்தில் வழுக்கும்.

கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது. எலுமிச்சைச் சாறு ஒரு துளி விழுந்தாலும் அவ்விடம் மங்கிவிடும். பளிங்கும் அத்தகையதே. ஆசிடைத் தொடாத வீட்டில் கடப்பைக் கல்லின் சொரசொரப்பு முகம் தலைமுறைகள் தாங்கும். தந்தையாரின் தரை அதற்குச் சான்று.

கிரானைட் மிகக் கடினமானது. வீட்டில் புழங்கும் எந்த நீருக்கும் எளிதில் அசையாது. எனினும் மெருகிட்ட கிரானைட் நனைந்தால் கண்ணாடியைப் போன்றதே. தீச்சுவாலையால் பொரித்துச் சொரசொரப்பாக்கிய கிரானைட்தான் குளியலறைக்கு உகந்தது.

செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கற்கள் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவை ஊற்றி, சிமெண்டும் அவ்வூர் மணலும் சேர்த்துக் கையால் செய்யப்படுபவை. சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்தே இறுகச் செய்கின்றனர். கூடத்துக்கு அவற்றுக்கு ஈடான அழகு வேறில்லை. எனினும் சிமெண்டினால் ஆனவை என்பதால் நாள்முழுதும் ஈரமும் சவர்க்காரமும் படும் இடத்தில் அவை நீரை உறிஞ்சும். ஆசிட் பட்டால் கெடும்.

டைல்களில் சுவருக்கு உரியவை வேறு, தரைக்கு உரியவை வேறு. சுவர் டைல்கள் தம் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் நீரை உறிஞ்சக்கூடியவை. செராமிக் தரை டைல்கள் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு பங்கு வரை உறிஞ்சும். விட்ரிஃபைட் டைல்கள் அரைப் பங்குக்கு மேல் உறிஞ்சுவதில்லை. சுவர் டைல் மிஞ்சியிருக்கிறதே என்று அதைத் தரையில் ஒட்டுவோர் உண்டு. அது விரைவில் தேயும், உடையும். எடை தாங்கி ஈரத்தில் நீடித்து உழைக்க வேண்டுமானால் விட்ரிஃபைட் டைலே தக்கது. ஆயினும் அதன் மேற்பரப்பு மெருகற்றதாக, மணல்போன்ற நுண்ணிய சொரசொரப்பு உடையதாக இருத்தல் வேண்டும். கடைகளில் இதை 'மேட்' என்றும் 'ஆன்டி ஸ்கிட்' என்றும் சொல்கின்றனர்.

மெருகிட்ட தரை ஏன் வழுக்குகிறது? பாதத்துக்கும் தரைக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று தங்கிவிடுகிறது. சவர்க்காரமோ எண்ணெயோ சேர்ந்தால் அந்தப் படலம் இன்னும் வழுவழுப்பாகிறது. கால் தரையைத் தொடாமல் நீரின்மேல் மிதக்கிறது. நுண்ணிய சொரசொரப்பு இருந்தால் அதன் முனைகள் நீர்ப்படலத்தைக் கிழித்துக்கொண்டு பாதத்தைப் பற்றும்.

இதை அளப்பதற்கு ஜெர்மனியில் ஒரு முறை உண்டு. டைல் பதித்த சாய்தளத்தில் ஒருவரை நடக்கவிட்டு, அவர் நிலை தடுமாறும் வரை சாய்வைச் சிறிது சிறிதாக உயர்த்துவர். எண்ணெய் தடவிய தளத்தில் காலணியோடு நடந்து அளந்தால் ஆர் 9 முதல் ஆர் 13 வரை தரம் இடுவர். சவர்க்கார நீர் ஓடும் தளத்தில் வெறுங்காலோடு நடந்து அளந்தால் ஏ, பி, சி என்று மூன்று தரம்; 18 பாகை முதல் 24 பாகைக்குள் வரை தாங்குவது பி. வீட்டுக் குளியலறைக்கு ஆர் 10 அல்லது ஆர் 11 தரமும், வெறுங்கால் தரத்தில் பி-யும் போதுமானவை. சொரசொரப்பு கூடக்கூட நல்லது என்றும் எண்ண வேண்டாம். மிகக் கரடான தரையில் சவர்க்கார அழுக்கு ஒட்டிக்கொள்ளும். தேய்ப்பவர் கை ஓயும். அந்த அழுக்கே பின்னர் வழுக்கும். இந்தத் தர எண் டைல் பெட்டியின்மேலோ நிறுவனத்தின் விவரத் தாளிலோ இருக்கும். கடைக்காரரிடம் கேட்பதற்கு நாம் கூச வேண்டியதில்லை.

அளவும் முக்கியம். பெரிய டைல்களில் இணைப்புகள் குறைவு. நீர் வெளியேறும் வாய் நோக்கி நான்கு பக்கமும் சரிவு கொடுப்பதும் கடினம். ஓரடிக்கு ஓரடி அல்லது அதனினும் சிறிய டைல்கள் சரிவுக்கு இணங்கும். இணைப்புகள் மிகுதியாதலால் காலுக்குப் பிடிப்பும் கூடும். நிறத்தில், சுவரும் தரையும் ஒன்றுபோல் வெளிறியிருப்பதைத் தவிர்க்க வேண்டும். பார்வை மங்கிய முதியோருக்குச் சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகத் தெரிதல் வேண்டும்.

இவ்வளவும் அறிந்தபின், கடையிலிருந்து மாதிரி டைல்கள் மூன்றை வாங்கிவந்து கொல்லையில் பரப்பினோம். தண்ணீர் ஊற்றி, சவர்க்காரம் கரைத்து, இறுதியில் தேங்காயெண்ணெயும் சிறிது தெளித்து, ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு வெறுங்காலோடு மிதித்துப் பார்த்தோம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாயிற்று. ஆச்சியை நாற்காலியில் அமர்த்தி மூன்றையும் பாதத்தால் தேய்த்துப் பார்க்கச் சொன்னோம். அழகான இரண்டையும் விட்டுவிட்டு, சாம்பல் நிறத்தில் இருந்த மூன்றாவதைக் காட்டி, "இதுதான் காலப் பிடிக்குது" என்றார்கள். அதற்குமேல் நிறத்தைப் பற்றி எங்கள் வீட்டில் எவரும் பேசவில்லை.

தரைக்கு அடியில்

பழைய தரையை உடைத்தபோது இன்னோர் உண்மை வெளிப்பட்டது. டைல்களுக்கு அடியில் பல இடங்களில் கலவை இல்லாமல் வெற்றிடமாக இருந்தது. அதில் கறுத்த நீர் தேங்கியிருந்தது. மாதந்தோறும் நாங்கள் ஊற்றிய ஆசிட் டைலை ஒன்றும் செய்யவில்லை. இணைப்புகளில் இருந்த சிமெண்டை அரித்துத் தின்றுவிட்டது. அவ்வழியே நீர் இறங்கி, அடுத்த அறைச் சுவரின் அடிப்பகுதியை நனைத்துக்கொண்டிருந்தது. சுவர் ஏன் உப்புப் பூக்கிறது என்று இரண்டு ஆண்டுகளாகச் சுண்ணாம்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

எங்கள் கொத்தனார் முதியவர், அளவாகப் பேசுபவர். உடைத்த குழியைக் காட்டி, "அண்ணாச்சி, மேல இருக்கிறத நீங்க பாப்பீங்க. கீழ இருக்கிறத தண்ணி பாத்துக்கிடும்" என்றார். பாறைமேல் வீடு கட்டிய அறிவாளியின் உவமையைச் சிறுவயது முதல் கேட்டுவரும் எங்களுக்கு அதன் பொருளை அன்று அவர் குளியலறையில் விளக்கினார்.

அவர் செய்த வேலையின் முறை இது. தரையைச் சுத்தம் செய்து, நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சை இருமுறை பூசினார். அதைச் சுவரிலும் ஓரடி உயரம் ஏற்றினார். பூச்சு காய்ந்தபின் நீர்வாயை அடைத்து, தரை முழுவதும் தண்ணீர் கட்டி இரண்டு நாள் நிறுத்தினார். நீர்மட்டம் குறைகிறதா, அடுத்த சுவர் நனைகிறதா என்று பார்த்த பின்பே அடுத்த வேலையைத் தொடங்கினார். இந்தச் சோதனையைச் செய்யாமல் டைல் பதிக்க எவரையும் அனுமதிக்க வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்தது வாட்டம். எட்டடி நீளத்துக்கு ஓர் அங்குலம் முதல் ஒன்றேகால் அங்குலம் வரை நீர்வாயை நோக்கிச் சரிவு இருந்தால் நீர் தேங்காது. நடப்பவருக்கும் சரிவு தெரியாது. ரசமட்டம் வைத்துப் பார்த்ததோடு நில்லாமல், ஒரு வாளித் தண்ணீரைக் கதவருகே ஊற்றி அது எங்கும் நில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்தார்.

விட்ரிஃபைட் டைல் நீரை உறிஞ்சாது. ஆகவே வெறும் சிமெண்டுப் பால் அதன் முதுகில் உறுதியாகப் பற்றாது. அதற்கென்று விற்கும் பசைக்கலவையை முழுப் பரப்பிலும் பூசிப் பதித்தல் வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவை வைத்து ஒட்டினால் அடியில் வெற்றிடம் விழும். பதித்த மறுநாள் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பார்த்தோம். பொள்ளென்று ஒலித்த இரண்டைக் கொத்தனார் முகம் கோணாமல் எடுத்துத் திரும்பப் பதித்தார். இணைப்புகளில் வெள்ளைச் சிமெண்டுக்குப் பதிலாக எபாக்சி நிரப்பினோம். விலை கூடுதல்தான், ஆனால் அது நீரை உறிஞ்சாது, எளிதில் அரிபடாது.

தொட்டியருகிலும் கழிப்பிடத்தருகிலும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இரண்டைத் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குள் சுவரில் ஆழமாகப் பதித்தோம். துணிக்கொடிக்கு உரிய ஆணியைப்போல மேலோட்டமாக அடித்தால், வீழ்பவரோடு சேர்ந்து கம்பியும் பெயர்ந்து வரும். வாங்கிய டைல்களில் ஒரு பெட்டியை எடுத்து வைத்துள்ளோம். பின்னாளில் ஒன்று உடைந்தால் அதே நிறச்சாயல் கடையில் கிடைப்பது அரிது.

வேலை முடிந்து எல்லாம் இறுகப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் ஏழு பேருக்கும் குளியலறையைத் திறந்துவிட்ட எங்கள் அன்பியக் குடும்பங்கள் இரண்டையும் நாங்கள் மறவோம்.

பேணுதல்

தேர்வு எவ்வளவு சிறந்ததாயினும் பேணுதல் இல்லையேல் பயனில்லை. நாள்தோறும் இறுதியாகக் குளிப்பவர் ஒரு வாளி நல்ல நீரால் நுரையைக் கழுவிவிட்டுத் துடைப்பத்தால் நீரைத் தள்ளிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. வாரம் ஒருமுறை சவர்க்காரத் தூளும் தேய்ப்பானும் கொண்டு சொரசொரப்பினுள் படிந்த அழுக்கை எடுக்கிறோம். ஆசிட் புட்டியை வீட்டைவிட்டே அகற்றிவிட்டோம். எங்கேனும் அதைப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்தல் ஆகாது. இரண்டும் கலந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். மூடிய சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்தாகும்.

தரையை உடைத்து மாற்ற எல்லாருக்கும் பொருள்வசதி இராது. வாடகை வீட்டில் இருப்போருக்கு உரிமையும் இராது. அவர்களும் செய்யக்கூடியவை உண்டு. அடியில் உறிஞ்சிப் பற்றும் ரப்பர் விரிப்பு, தரையில் ஒட்டும் சொரசொரப்புப் பட்டை, அமர்ந்து குளிக்க உறுதியான ஒரு முக்காலி, சுவரில் ஒரு கம்பி, இரவில் அணையாத சிறு விளக்கு ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. சாக்கும் முழுக் காவல் ஆகாது. நழுவினால் அதுவே காலை வாரிவிடும்.

இவற்றுக்கெல்லாம் முதற்படி, வீட்டிலுள்ள முதியவரையும் கருவுற்றிருக்கும் மருமகளையும் நடை பழகும் குழந்தையையும் நினைத்துப் பார்ப்பது. "இந்தத் தரையில் உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?" என்று பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். வாளியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நடப்பதும், கதவுக்குத் தாழிடாமல் குளிப்பதும், குளியலையே இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆக்கிக்கொள்வதும் அவர்கள் பேசாமல் பேசும் பேச்சு.

புதிய தரை போட்ட அன்று ஆச்சி கைத்தாங்கியைப் பற்றிக்கொண்டு முதலில் உள்ளே சென்றார்கள். நன்றாயிருக்கிறது என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தோம். அவர்களோ, "என் சாக்க எங்கய்யா வச்சீங்க?" என்று கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தோம். இம்முறை எங்களில் எவரும் சிரிக்கவில்லை. விருந்தினர் வந்தபோதும் எவரும் அதைத் தொடவில்லை. சாக்கு நழுவாதிருக்க, அதன் அடியில் ரப்பர் விரிப்பு ஒன்றை மட்டும் இட்டுவைத்தோம். இரண்டு மாதம் போல அது அங்கேயே கிடந்தது.

பின்னர் ஒருநாள் காலையில் பார்க்கும்போது குளியலறையில் சாக்கு இல்லை. பதறிப்போய்ப் பிள்ளைகளைக் கேட்டோம். அவர்கள் அறியோம் என்றனர். கொல்லைக்குச் சென்று பார்த்தால், துவைத்துக் காயவைத்த சாக்கு கோழிக்கூண்டின்மேல் வெயிலுக்கு மறைப்பாகக் கட்டப்பட்டிருந்தது. கட்டியவர் ஆச்சிதான். எவரிடமும் எதுவும் சொல்லாமல் கட்டிவிட்டு, முன்னறையில் அமர்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.